பூசை முடிஞ்சதும் காபி: கைய தூக்கிட்டேன், இப்ப என்ன பண்றது?

11 நவம்பர் 2024, காலை. கேள்வி, புதுச்சேரி வாசகி

எங்க கத்தோலிக்கப் பங்குல ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சதும் கோவில் வளாகத்துலயே எல்லாருக்கும் காபி குடுக்கலாம்னு சாமியார் சொல்லிட்டாரு. வாரம் ஒரு அன்பியம் (பக்கத்து பக்கத்து வீடுங்க சேந்த சின்ன குழு). எங்க அன்பியத்துல யாரும் வாய தொறக்கல, நான்தான் கைய தூக்கினேன். 120 பேர் நிப்பாங்கனு நினைக்கறேன். வீட்ல ஆறு பேருக்கு மேல காபி போட்டதில்ல. பால் எவ்ளோ, தூள் எவ்ளோ, கூட என்ன குடுக்கறது, சமோசாவா கேக்கா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

11 நவம்பர், ராத்திரி

நான் கடலூர். நாங்க புராட்டஸ்டண்ட், சபை பேர் வேணாம். எங்ககிட்ட இது சில வருஷமா நடக்குது, காபி பொறுப்பு என்கிட்ட. சபையில என் பேரே "காபி பிரதர்"னு ஆயிடுச்சி, என் சம்சாரம் மட்டும் "வீட்ல ஒரு டம்ளர் நகத்தாத பிரதர்"னு சொல்லுவா.

கணக்கு இதான். 100 மில்லி கப்புல 80 மில்லி ஊத்தணும், ரொம்பி வழியக் கூடாது. ஒரு லிட்டர் பாலும் கால் லிட்டர் டிகாக்‌ஷனும் சேந்தா 15 கப் வரும். அப்ப 120 பேருக்கு 8 லிட்டர். ஆனா 10 லிட்டரா வாங்குங்க, வெறும் பால் கேக்கற பசங்க இருப்பாங்க, தெரியாத மாதிரி ரெண்டாவது தடவ வரிசையில நிக்கற பெரியவங்களும் இருப்பாங்க. தூள் லிட்டருக்கு 90 கிராம்னு வச்சா முக்கால் கிலோ ஆச்சி. அந்த முக்கால் கிலோவுக்கு மூணரை லிட்டர் தண்ணி ஊத்தினாதான் ரெண்டு லிட்டர் டிகாக்‌ஷன் இறங்கும், மிச்சத்த தூளே குடிச்சிடும், இது தெரியாம சரியா ரெண்டு லிட்டர் ஊத்தினீங்கனா பாதி பேருக்கு மேல வெள்ள பால்தான். சக்கரை ஒன்னேகால் கிலோ.

வீட்டு ஃபில்டர வரிசையா அடுக்கி வச்செல்லாம் ஆகாது. பெரிய தேக்சாவுல தண்ணி கொதிச்சதும் அடுப்ப நிறுத்திட்டு, கொதி அடங்கினதும் தூளப் போட்டு கலக்கி, மூடி 20 நிமிஷம் விட்டுட்டு, வெள்ளத் துணியில வடிச்சிடுங்க. துணி புதுசா இருந்தா முன்னாடி நாளே சுடுதண்ணியில அலசி வைங்க, இல்லனா காபியில கஞ்சி வாசம் அடிக்கும்.

முக்கியமானது ஒன்னு: பாலையும் டிகாக்‌ஷனையும் மொத்தமா கலந்து கேன்ல ஊத்தி வைக்காதீங்க. தனித்தனியா சூடா வச்சிக்கிட்டு முப்பது கப் முப்பது கப்பா கலக்குங்க. கலந்து அரை மணி நேரம் நின்ன காபிக்கு கல்யாண மண்டப வாசம் வந்துடும்.

12 நவம்பர்

கூட என்ன குடுக்கறதுனு கேட்டீங்க இல்ல, அத நேத்து வேணும்னேதான் விட்டேன், அதுக்கு தனியா எழுதணும்.

ஒன்னும் குடுக்காதீங்க. ஒரு பிஸ்கட். அவ்ளோதான். அதையும் எல்லா அன்பியத்துக்கும் ஒரே மாதிரினு முதல் வாரமே சாமியார் வாயால சொல்ல வச்சிடுங்க.

எங்ககிட்ட என்ன ஆச்சினு சொல்றேன். ஆரம்பத்துல குடும்பத்துக்கு ஒரு வாரம், செலவு அந்தக் குடும்பத்தோடது, "அவங்கவங்க விருப்பம் போல"னு விட்டுட்டாங்க. முதல் வாரம் மேரி பிஸ்கட். அடுத்த வாரம் சுண்டல். அதுக்கடுத்து ஒருத்தர் வெங்காய சமோசா கொண்டாந்தாரு. அப்பறம் ஒரு வீட்ல பொண்ணுக்கு வேலை கிடைச்சிருக்குனு பிளம் கேக்கு. அதுக்கும் மேல பண்ருட்டியில சொந்தத் தோப்பு வச்சிருக்கறவர் வறுத்த முந்திரிய தட்டு தட்டா வச்சாரு, நானும்தான் கை நிறைய அள்ளினேன், பொய் சொல்ல மாட்டேன். அந்த முந்திரிக்கு அப்பறம் லிஸ்ட்ல பேர் எழுத ஆளே வரல. ஆட்டோ ஓட்டறவரு, மார்க்கெட்ல மீன் விக்கற அக்கா, அங்கன்வாடியில வேலை பாக்கற டீச்சர், யாரும் வரல. கேட்டா "இந்த மாசம் கொஞ்சம் டைட்டு பிரதர், அடுத்த மாசம்"னாங்க. அடுத்த மாசமும் அதே. யாரும் யாரையும் ஒன்னும் சொல்லல, முந்திரி தட்டே சொல்லிடுச்சி.

இப்ப எங்க ரூல்: காபி, ஆளுக்கு ரெண்டு பிஸ்கட். காசு சபைக் கணக்குல. வீட்ல இருந்து எதையும் செஞ்சி கொண்டாரக் கூடாது. பொறந்தநாளா இருந்தாலும் சரி, கல்யாண நாளா இருந்தாலும் சரி, சந்தோஷம் இருந்தா காணிக்கைப் பெட்டியில போடுங்க.

12 நவம்பர், கொஞ்ச நேரம் கழிச்சி

கீழ ஒருத்தர் "பிஸ்கட்டுக்கெல்லாமா கமிட்டி, மனசார குடுக்கறவங்கள தடுக்கலாமா"னு கேட்டிருக்காரு. தடுக்கலாம். அறுப்பின் பண்டிகை இருக்கு, அசனம் (சபை விருந்து) இருக்கு, அங்க உங்க மனச காட்டுங்க, ஆட்டுக்குட்டியே கொண்டாங்க, ஏலம் விடுவோம்.

13 நவம்பர்

புதுச்சேரி அக்கா திரும்ப கேட்டிருக்காங்க: பூசைக்கு முன்னாடியே சில பேர் காபி கேப்பாங்களாம், நன்மை (பூசையில குடுக்கற நற்கருணை அப்பம்) வாங்கறதுக்கு முன்னாடி சாப்பிடக் கூடாதே, என்ன பண்றதுனு.

நான் கத்தோலிக்கன் இல்ல, ஆனா என் மாமியார் வீடு முழுக்க கத்தோலிக்கங்க, இந்தப் பேச்சு வாரா வாரம் காதுல விழும். அந்தக் காலத்துல ராத்திரி பன்னெண்டு மணியில இருந்து தண்ணி கூட இல்லாம இருந்தாங்க. 1957ல போப் 12ஆம் பத்திநாதர் (பயஸ்) அத மூணு மணி நேரம் ஆக்கினாரு, 1964ல போப் 6ஆம் சின்னப்பர் (பால்) ஒரு மணி நேரமா கொறைச்சாரு. இப்ப சட்டப்படி நன்மை வாங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடிதான், அதுலயும் தண்ணிக்கும் மருந்துக்கும் தடை இல்ல, வயசானவங்களுக்கும் நோயாளிகளுக்கும் அவங்கள பாத்துக்கறவங்களுக்கும் அந்த ஒரு மணி நேரம் கூட கிடையாது. மாமியாருக்கு இத எடுத்து சொன்னதுக்கு "நீ லுத்தரன், உனக்கென்ன தெரியும்"னுட்டாங்க. 70 வயசுல சுகர வச்சிக்கிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் ஒன்னும் எடுக்காம, காலையில பூசைக்கு நின்னு, வெளிய வர்றப்ப கை நடுங்கும். எங்க சபையிலயும் அப்படித்தான், சட்டம்னு ஒன்னும் இல்ல, ஆனா திருவிருந்து ஞாயிறுன்னா பாதி கிழவிங்க பட்டினி. இந்தக் காபியால உண்மையான பிரயோஜனம் அவங்களுக்குத்தான். அதனால வரிசை வைக்காதீங்க, முதல் ட்ரேய பெஞ்சில உக்காந்திருக்கற பெரியவங்ககிட்ட கொண்டு போங்க.

முன்னாடி கேக்கறவங்களுக்கு பூசைக்கு முன்னாடி அடுப்பே பத்த வைக்கலனு சொல்லிடுங்க, வேல முடிஞ்சிது.

14 நவம்பர்

"சிக்கரி எவ்ளோ?" 70க்கு 30 எடுங்க. கூட்டத்துக்கு சுத்தமான காபித்தூள் சரி வராது, கெட்டியா தெரியாது, "தண்ணி காபி"னு பேர் வரும். சட்டப்படி 49 சதவீதம் வரைக்கும் சிக்கரி இருக்கலாம், பாக்கெட்ல போட்டிருப்பாங்க, படிச்சி வாங்குங்க.

டீ போடலாமேனு இன்னொருத்தர். போடலாம். செலவு கம்மி, வேலையும் கம்மி. ஆனா எங்க சனத்துக்கு டீ குடிச்சா கோவிலுக்குப் போன மாதிரியே இல்லையாம், டீ கடைக்குப் போன மாதிரி இருக்காம்.

18 நவம்பர்

நேத்து அக்கா அன்பியம் முறை வந்துடுச்சி போல, நல்லா போச்சினு எழுதியிருக்காங்க. பால் மிஞ்சிடுச்சாம். மிஞ்சட்டும், பாயசம் வைங்க.

பேப்பர் கப்ல குடுத்தாங்களாம். தமிழ்நாட்ல 2019 ஜனவரி 1ல இருந்து 14 வகை ஒருதடவ பிளாஸ்டிக்குக்கு தடை, பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் அதுல இருக்கு. கடையில கிடைக்குதேனு கேக்காதீங்க, கிடைக்குது. நாங்க அந்த வருஷமே எவர்சில்வருக்கு மாறிட்டோம். சபையில பழைய டம்ளர் ஒரு மூட்டை இருந்துச்சி, யார் யாரோ அப்பா அம்மா ஞாபகமா பேர் வெட்டி குடுத்தது, மிச்சத்துக்கு திருப்பாப்புலியூர்ல பாத்திரக்கடையில எடை போட்டு வாங்கினோம்.

இங்க ஒரு கணக்கு மாறும். மேல சொன்னது 100 மில்லி கப்புக்கு. டம்ளர்னா கை தன்னால 120, 130 ஊத்தும். பாலும் தூளும் ஒன்றரை மடங்கா போடுங்க, இல்ல சின்ன டம்ளரா தேடி வாங்குங்க.

டம்ளருக்கு மாறினதும் வேற ஒன்னும் வெளிய வந்துச்சி. அத அப்பறம் எழுதறேன், இன்னிக்கி மனசு இல்ல.

25 நவம்பர்

சரி, எழுதிடறேன்.

பேப்பர் கப்ல குடிச்சி கசக்கி எறிஞ்சிட்டுப் போறப்ப யார் எச்சில் எதுலனு கேள்வியே வராது. டம்ளர்னா வருது. எங்க சபையில எல்லாரும் வராங்க, எல்லாரும்னா எல்லா தெருவும்னு புரிஞ்சிக்கோங்க. டம்ளர் வந்த புதுசுல ஒருத்தர் குழாய்கிட்ட போயி கழுவின டம்ளர மறுபடி ரெண்டு தடவ கழுவிட்டு வந்து வாங்கினாரு. சுத்தம் பாக்கறாருனு நினைச்சேன். ஒரு அம்மா வீட்ல இருந்தே டம்ளர் கொண்டாந்தாங்க, பைபிள் பையில, பைபிளுக்குப் பக்கத்துலயே.

அப்பறம் ஒரு பெரியவர், மூப்பரா இருந்தவரு, நல்ல மனுஷன்தான், என் கல்யாணத்துக்கு முன்ன நின்னவரு. குறிப்பிட்ட ஒரு குடும்பம் காபி குடுக்கற வாரம் மட்டும் அவருக்கு சுகர் ஏறிடும். "வேணாம்பா, சுகர் இருக்கு." அதுக்கு அடுத்த வாரம் வேற வீட்டு முறை வந்தா ரெண்டு டம்ளர், சக்கரையோட. முதல்ல தற்செயல்னு விட்டேன். அப்பறம் கவனிக்க ஆரம்பிச்சேன், ஒரு தடவ கவனிச்சிட்டா கண்ணு அத விடாது.

அவருகிட்ட நேரா கேக்க எனக்கு தைரியம் இல்ல. அதனால சக்கரை போடாத கேன் ஒன்னு தனியா வச்சேன். சுகர் இருக்கற நெறைய பேருக்கு அது உண்மையிலயே உதவியா இருக்கு, இன்னிக்கும் வைக்கறோம், நீங்களும் வைங்க, மூணுல ஒரு பங்கு அதுல போகும். ஆனா நான் வச்சது அவருக்காகத்தான். அந்தக் குடும்பத்து முறை வந்தன்னிக்கி நானே டம்ளர எடுத்துட்டுப் போயி "சித்தப்பா, இதுல சக்கரை இல்ல"னேன். என் மூஞ்சிய ஒரு நிமிஷம் பாத்தாரு. "காபியே விட்டுட்டேன்பா"னாரு.

26 நவம்பர்

இதுக்கு இவ்ளோ பதில் வரும்னு நினைக்கல. "காபி கணக்கு கேட்டா சாதிய ஏன் இழுக்கறீங்க"னு மூணு பேர். "எங்க சபையில இதெல்லாம் இல்ல"னு நாலு பேர். அந்த நாலு பேரும் ஒரு மாசத்துக்கு யாரு குடுக்கறப்ப யாரு வாங்கலனு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க. பதில் அப்பறம் விவரமா எழுதறேன், மழை வேற மிரட்டுது.

8 டிசம்பர்

எல்லாரும் பத்திரமா? ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரைய கடந்துச்சி, ஒரே நாள்ல அங்க 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. மறுநாள் ஞாயிறு, அட்வெந்து முதல் வாரம், எங்க கோவில்ல இருந்தது ஐயரும் (எங்க போதகர்) ஐயரம்மாவும் நானும் கோயில்பிள்ளையும் (கோவில் வேலை பாக்கறவரு), இன்னும் ரெண்டு பேரும். பாட்டு பாடினா மழை சத்தம்தான் கேட்டுச்சி. காபி உண்டு.

அதுக்கு அப்பறம்தான் பெரிய அடி. சாத்தனூர் அணையில தொறந்த தண்ணி தென்பெண்ணையில வந்து நாணமேடு, குண்டு உப்பலவாடி பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள ஏறிடுச்சி. நம்ம காபி தேக்சா, கேன், அடுப்பு எல்லாம் அன்னிக்கி சோறாக்கப் போச்சி. நான் சொல்ல வந்தது, அந்த ரெண்டு மூணு நாள் யாரும் டம்ளர திருப்பிக் கழுவல. பைபிள் பையில டம்ளர் கொண்டாந்த அம்மாவும் அங்கதான் இருந்தாங்க, பொட்டலம் கட்டினாங்க. வெள்ளம் வடிஞ்சதும் எல்லாம் பழைய மாதிரி ஆயிடுச்சி, பெரிசா எதிர்பாக்காதீங்க.

16 டிசம்பர்

அக்கா கேக்கறாங்க, கிறிஸ்துமஸ் வாரம் கேக்கு குடுக்கலாமா. சபையோ பங்கோ காசு போட்டு எல்லாருக்கும் ஒரே கேக்குனா குடுங்க. வீட்டு கேக்கு வேணாம், முந்திரி கதைய மறந்துட்டீங்களா.

6 ஜனவரி 2025

பதில் எழுதறேன்னு சொன்னேன் இல்ல. லீவுல உக்காந்து எழுதறேன், நீளமா போகும்.

"கிறிஸ்தவத்துல சாதி இல்ல, நீங்க கெளப்பி விடறீங்க"னு சொன்னவருக்கு. உங்க ஊர்லயே சொல்றேன். புதுச்சேரியில சம்பா கோவில், இப்ப ஜென்மராக்கினி மாதா பேராலயம் இருக்கற இடம், அங்க அந்தக் காலத்துல கோவிலுக்குள்ளயே ஒரு சுவர் இருந்துச்சி, தாழ்த்தப்பட்டவங்க ஒரு பக்கம், மத்தவங்க ஒரு பக்கம். 1745ல அத எடுக்கச் சொல்லி பெரிய ரகளை ஆச்சினு ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்புல எழுதி வச்சிருக்காரு. அவரு இந்து, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனவரு, அவருக்கு கிறிஸ்தவங்கள கெட்ட பேராக்கணும்னு ஒன்னும் இல்ல, ஊர்ல நடந்தத எழுதினாரு.

எங்க பக்கமும் சொல்லிடறேன், இல்லனா ஒருதலைப்பட்சம்னு வருவீங்க. நெல்லிக்குப்பம் தாண்டி மேல்பட்டாம்பாக்கம் இருக்கு இல்ல, அங்க 1860கள்ல மிஷன் ஆரம்பிச்ச கார்ல் ஓக்ஸ், அதுக்கு முன்னாடி ஜெர்மன்காரங்களோட லைப்சிக் மிஷன்ல இருந்தவரு. சாதி விஷயத்துல அவங்க விட்டுக்குடுத்துப் போறாங்கனு ஒத்துப்போகாம வெளிய வந்தாரு. அந்த மிஷன்தான் பின்னாடி டேனிஷ் மிஷன் கைக்குப் போயி, இன்னிக்கி கடலூர்ல தலைமையிடம் வச்சிருக்கற ஆற்காடு லுத்தரன் சபையா ஆச்சி. அதாவது எங்க ஜில்லாவுல ஒரு சபை பொறந்ததுக்கே இந்தச் சண்டை ஒரு காரணம். மதுரையில அமெரிக்கன் மிஷன்காரங்க இன்னும் கறாரு. 1847ல, மிஷன்ல வேலை பாக்கணும்னா எல்லாரோடயும் சேந்து உக்காந்து சாப்பிட்டு காட்டணும்னு தீர்மானமே போட்டாங்க. நெறைய பேர் சாப்பிட மாட்டேன்னு வேலைய விட்டுப் போனாங்க. ஞானஸ்நானம் எடுக்க முடிஞ்சவங்களுக்கு, பைபிள் படிச்சி பிரசங்கம் பண்ண முடிஞ்சவங்களுக்கு, ஒரு வாய் சோறு இறங்கல.

டென்மார்க்ல, அமெரிக்காவுல எல்லாம் ஆராதனை முடிஞ்சி காபி ரொம்ப சாதாரணம். அங்க அதோட பிரச்சினை என்னனா புதுசா வந்தவங்ககிட்ட யாரும் பேச மாட்டாங்க, தெரிஞ்சவங்களுக்குள்ளயே நின்னுப்பாங்கனு சொல்றாங்க. நம்ம ஊர்ல பேச்சுக்கு பஞ்சமே இல்ல. நம்ம ஊர் கேள்வி யாரு கையால, யாரு டம்ளர்லனு. அதனாலதான் அந்த ஊர் பழக்கத்த அப்படியே கொண்டாந்து "பேர் எழுதிப் போங்க"னு ஒரு தாள ஒட்டினா நம்மகிட்ட நடக்காது.

7 ஜனவரி

நேத்து எழுதினது பிரசங்கம் மாதிரி ஆயிடுச்சினு சம்சாரம் சொன்னா. ஆசீர்வாதம் மட்டும்தான் கூறலையாம்.

20 ஜனவரி

அப்ப நீங்க என்ன பண்ணீங்கனு கேக்கறீங்க. இதான் பண்ணோம். குடும்பத்துக்கு ஒரு வாரம்ங்கறத எடுத்துட்டோம். எல்லா வீட்டுப் பேரையும் சீட்டு எழுதி ஒரு டப்பாவுல போட்டு, ஆராதனை முடிஞ்சதும் சண்டே ஸ்கூல் பசங்கள விட்டு ரெண்டு சீட்டு எடுக்க வைப்போம். அந்த ரெண்டு வீடும் சேந்து அடுத்த வாரம். மஞ்சக்குப்பம் வக்கீல் வீடும் துறைமுகத்து மீன்கார வீடும் சேந்து வரும், ரிட்டயர்டு தாசில்தாரும் ஆட்டோக்காரரும் சேந்து வரும். காபி கோவில் சமையல்கட்டுலதான் போடணும், சாமான் சபையோடது. ஒருத்தர் பால் காய்ச்சினா இன்னொருத்தர் கலக்குவாங்க. யாரு காபினு யாராலயும் சொல்ல முடியாது.

ரெண்டு பேரும் ஒன்னா ரெண்டு மணி நேரம் சமையல்கட்டுல நின்னாகணும், அதுல நடக்கற பேச்சு வெளிய நடக்கறத விட நல்லா இருக்கு. தாசில்தாருக்கு டிகாக்‌ஷன் துணிய பிழிய தெரியல, ஆட்டோக்காரரு "சார், விடுங்க சார்"னு வாங்கிட்டாரு. சாருங்கறது இன்னும் போகல. பாப்போம்.

காபி போடறவங்களுக்கு பிரசங்கத்துல பாதி போயிடும், அது ஒரு குறை. ஐயர் நீட்டினா பால் சுண்டிடும், அது இன்னொன்னு. எங்க ஐயருக்கு இப்ப சமையல்கட்டு ஜன்னல் தெரியும், நான் ஜன்னல்ல தலைய காட்டினா "கடைசியாக"னு சொல்லுவாரு. அதுக்கு அப்பறமும் பத்து நிமிஷம் ஆகும். திருவிருந்து ஞாயித்துக்கிழமைல ரெண்டு வீட்ல இருந்தும் ஒருத்தர் ஒருத்தரா மாறி மாறி உள்ள போயி வாங்கிட்டு வந்துடணும், இத கண்டிப்பா சொல்லி வைங்க.

3 பிப்ரவரி

விழுப்புரத்துல இருந்து ஒருத்தர் தனியா எழுதினாரு, அவர் அனுமதியோட சுருக்கமா போடறேன். "யாரு காபினு தெரியாம பண்ணிட்டா பிரச்சினை தீந்துடுமா? அந்தப் பெரியவர் இப்ப நிம்மதியா குடிப்பாரு, அவரு மாற வேண்டிய அவசியமே இல்லாம பண்ணிட்டீங்க. அந்தக் குடும்பம் தனியா, தலை நிமிந்து, எங்க முறைனு குடுக்கட்டும். குடிக்காதவன் குடிக்காம போகட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

நாலு நாளா இது மண்டைக்குள்ள ஓடுது. அவரு சொல்றதுல நியாயம் இருக்கு. நான் பண்ணது ஒரு வகையில சக்கரை இல்லாத கேனோட பெரிய வடிவம்தான், கேக்க தைரியம் இல்லாதவன் கண்டுபிடிச்ச வழி. ஆனா இன்னொரு பக்கம், அந்த வீட்டு அம்மா வாரா வாரம் ட்ரேய தூக்கிட்டு ஒருத்தர்கிட்ட போயி வேணாம்னு கேட்டு திரும்பி வரணுமா, ஊரே பாக்கறதுக்காக? 1847ல பரீட்சை வச்சாங்க, பரீட்சையில தோத்தவங்க வேலைய விட்டுப் போனாங்க. சரி தப்பு எனக்கு முழுசா தெரியல.

அந்த வீட்டுக்காரர்கிட்டயே கேட்டேன், ரொம்ப தயங்கித்தான். "பிரதர், எங்களுக்கு எப்பவோ தெரியும்"னு சிரிச்சாரு. "சீட்டு முறை பரவால்ல, செலவு மிச்சம்"னாரு. அதுக்கு மேல பேசல, பெட்ரோல் விலைக்கு போயிட்டாரு.

3 பிப்ரவரி, பிற்சேர்க்கை

இல்ல, விழுப்புரத்துக்காரருக்கு ஒன்னு சொல்ல மறந்துட்டேன். பெரியவர் நிம்மதியா குடிக்கறாருனு நீங்களா நினைச்சிக்கிட்டீங்க. சீட்டுல யாரு வந்தாங்கனு ஆராதனை அறிவிப்புல சொல்றோம். அந்த வீடு வந்த வாரம் அவரு ஆசீர்வாதம் முடிஞ்சதும் பக்கத்து வாசல் வழியா போயிட்டாரு.

17 பிப்ரவரி

கழுவறது யாருனு அக்கா கேக்கறாங்க, அவங்க பங்குலயும் டம்ளருக்கு மாறிட்டாங்களாம், நல்லது. எங்ககிட்ட இதுலதான் பெரிய சண்டையே. காபி குடுக்கறப்ப ஆம்பளைங்க எல்லாம் ட்ரேய தூக்கிட்டு சிரிச்சிக்கிட்டு சுத்துவாங்க, போட்டோவுக்கும் நிப்பாங்க. கழுவறப்ப பாத்தா நாலு பொம்பளைங்கதான் குழாய்ல. பெண்கள் சங்கத் தலைவி ஒரு நாள் மைக்க புடிச்சி "அடுத்த வாரத்துல இருந்து குடிச்சவங்க குடிச்சத கழுவணும்"னு அறிவிச்சிட்டாங்க. மூணு தண்ணி டப்: சோப்பு, அலசல், சுடுதண்ணி. அவங்கவங்க டம்ளர அவங்கவங்க மூணுலயும் முக்கி கவுத்து வச்சிட்டு போகணும். ஐயரும் வரிசையில நிக்கறாரு.

இதுல நான் எதிர்பாக்காதது, ரெண்டு தடவ கழுவற ஆளுக்கு இப்ப வித்தியாசமா தெரியறதுக்கு வழியே இல்ல, எல்லாரும்தான் கழுவறாங்க.

சுடுதண்ணி டப்ப பசங்க கைக்கு எட்டாம மேசை மேல வைங்க.

6 மார்ச்

நேத்து சாம்பல் புதன். "தவக்காலத்துல காபிய நிறுத்திடலாமா"னு அக்கா பங்குல பேச்சாம். ஞாயித்துக்கிழமை அந்த நாப்பது நாள் கணக்குல வராது, உயிர்த்தெழுந்த நாள், சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும் எண்ணிப் பாத்தா தெரியும், ஞாயிறுகள தள்ளினாதான் நாப்பது வரும். விட்டவங்க விடட்டும், பெரியவங்களுக்கு அடுப்ப அணைக்காதீங்க. நாங்க பிஸ்கட்ட மட்டும் நிறுத்திட்டோம், அந்தக் காசு வெள்ளத்துல போன வீடுங்களுக்கு.

எங்க பெரியவர் லெந்து முழுக்க காபி கிடையாதுனு சொல்லிட்டாரு. இந்தத் தடவ யாரு வீட்டு முறையா இருந்தாலும் குடிக்கல, அத நானும் ஒத்துக்கணும்.

28 ஏப்ரல்

ரொம்ப நாள் ஆச்சி. ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்குத்தான் காபி ரொம்ப தேவை, நாலரை மணிக்கு எழும்பி வந்தவங்க அஞ்சரைக்கு கொட்டாவி விட்டுக்கிட்டே "உயிர்த்தெழுந்தார்" பாடறாங்க. அன்னிக்கி பாலுக்கு முன்னாடி நாளே சொல்லி வைங்க, பாக்கெட் பால் அந்த நேரத்துக்கு வராது. அன்னிக்கி மட்டும் ஒன்றரை மடங்கு போடணும், வருஷத்துக்கு ஒரு தடவ வர்றவங்களும் வருவாங்க.

சீட்டுல அந்த வீடும் எங்க வீடும் வந்துச்சி. பெரியவருக்கு டம்ளர் குடுத்தது அந்த வீட்டுப் பையன், பத்தாவது படிக்கறான், இந்தக் கதை எதுவும் அவனுக்குத் தெரியாதுனு நினைக்கறேன். வாங்கிட்டாரு. குடிச்சாரா, கையில வச்சிக்கிட்டு நின்னாரானு கேட்டீங்கனா நான் பாக்கல, எனக்கு சரியா அந்த நேரத்துல சமையல்கட்டுல பால் பொங்கிடுச்சி. சம்சாரம் குடிச்சாருங்கறா. டப் பக்கத்துல நின்ன தாசில்தாரு, மூணுலயும் முக்கி கவுத்தாரு ஆனா குடிச்சதா தெரியலங்கறாரு. யாரு சொல்றது சரினு தெரியல, அவருகிட்டயே கேட்டுடலாமானு இருக்கு.

அக்கா, நீங்க கேட்ட 20 லிட்டர் கேன், குழாய் வச்சது, வாங்கறதா இருந்தா குழாய் திருகி கழட்டற மாதிரி இருக்கணும். வெல்டிங் பண்ணி ஒட்டின குழாய் வேணாம், உள்ள பால் ஆடை ஒட்டிக்கிட்டு ரெண்டே வாரத்துல புளிச்ச வாடை வரும், எந்த பிரஷ்ஷும் உள்ள போகாது.